முதல் மேக்ரோ லென்ஸ்: ஒரு கரண்டி மாவின் கணக்கு

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டு எடுக்க நேரில் வருகிறவர், யாரும் சொல்லாமலே புடவையைப் பின்பக்கம் திருப்பி, பார்டர் சேரும் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். வாட்ஸ்அப்பில் வாங்குகிறவருக்கு விரல் எட்டாது, படம்தான் கதி. முந்தி, உடம்பு, பார்டர் என்று மூன்று படம் போனதும், “கோர்வை தெரியற மாதிரி கிட்டத்துல ஒண்ணு அனுப்புங்க” என்று பதில் வரும். போனைத் துணிக்கு அருகில் கொண்டுபோனால் போனின் நிழலே விழுகிறது, ஜரிகை வெள்ளையாய்த் தெறிக்கிறது, ஓரமெல்லாம் மசமசவென்று போகிறது. வீட்டில் யாராவது ‘மேக்ரோ லென்ஸ்’ என்ற பேச்சை எடுப்பது அப்போதுதான். உடனே, எவ்வளவு ஆகும் என்ற கேள்வியும் வரும்.

விலையை விசாரிப்பதற்கு முன், துணியில் எவ்வளவு அகலம் படத்தில் நிறைய வேண்டும் என்று ஸ்கேலை வைத்து அளந்துவிடுவது நல்லது. மேக்ரோ பெட்டிகளில் 1:1 என்று போட்டிருப்பார்கள். பொருளின் பிம்பம் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும் என்று அர்த்தம். சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் 22 முதல் 24 மி.மீ. ஆக, 1:1 என்றால் கட்டைவிரல் அகலத் துணி படம் முழுக்க நிறையும். 1:2 என்றால் நாலரை செ.மீ. சொச்சம். 1:4 என்றால் ஒன்பது செ.மீ.

கோர்வைக்கு இதில் எது வேண்டும்? உடம்புக்கு ஒரு நிறம், பார்டருக்கு இன்னொரு நிறம் என்று தனித்தனி நாடா ஓட்டி, இரண்டும் சந்திக்கும் கோட்டில் உடம்பின் ஊடையும் பார்டரின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்புவதுதான் கோர்வை. மூன்று நாடா ஓடும், தறியில் கூட ஒரு ஆள் உட்கார வேண்டும், கூலியும் அதற்கேற்ப. அந்தக் கோட்டில் அரக்கும் பச்சையும் கலங்காமல் பல்லும் பல்லுமாகப் பிடித்திருப்பதைக் காட்ட 1:2 தாராளம். பார்டரின் தாழம்பூ ரேக்கு முழுவதும் தெரிய வேண்டுமென்றால் 1:4 போதும். முந்திப் பாவும் உடம்புப் பாவும் பிணையும் பேட்னிக்கும் அப்படித்தான். 1:1-ம் அதற்கு மேலும் தேவைப்படுகிற இடம் ஒன்றே ஒன்று, ஜரிகை இழை. அசல் ஜரிகையில் சிவப்புச் சாயம் தோய்த்த பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும், அதன்மேல் தங்க முலாம். ஒரு பிசிறு இழையைப் பிரித்து வைத்து 1:1-க்கு மேல் எடுத்தால், வெள்ளிச் சுற்றின் இடுக்கில் அந்தச் சிவப்பு தெரியும். வேறு நிறம் தெரிந்தால் கேள்வி கேட்கலாம். ஆனால் வெள்ளி எத்தனை சதவீதம் என்பதை எந்த லென்சும் சொல்லாது. அதற்குச் சோதனைக் கருவி வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டபிறகு கையில் இருப்பதைப் பாருங்கள். கேனான் கேமராவோடு இலவசம்போல வந்த 18-55 எஃப் 3.5-5.6 எஸ்டிஎம் லென்சின் உச்சப் பெருக்கம் 0.36. அதாவது, 55-இல் வைத்து எவ்வளவு கிட்டப் போக விடுகிறதோ அவ்வளவு போனால், ஆறு செ.மீ. துணி படம் முழுக்க நிறையும். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். தவிர, பல ஜூம் லென்சுகளின் மேல் ‘மேக்ரோ’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் காசை நீட்ட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை 1:3, 1:4 அளவிலேயே நின்றுவிடும். டாம்ரானின் பழைய 70-300 அதில் ஒரு விதிவிலக்கு. 180-க்கு மேல் ஜூமை வைத்து மேக்ரோ பொத்தானைத் தள்ளினால் 1:2 வரை போகும்.

இதற்கும் மேலே போக வேண்டுமென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் செலவு செய்ய வேண்டும். அடுப்படிக்கு வாருங்கள்.

தோசைக்கல்லில் ஒரு கரண்டி மாவு ஊற்றுகிறோம். சின்ன வட்டத்தோடு நிறுத்தினால் ஊத்தப்பம். இழுத்துத் தேய்த்தால் ரோஸ்ட். மாவு என்னவோ அதே ஒரு கரண்டிதான். வட்டத்தின் குறுக்களவை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது, தடிமன் கால் பங்காகிறது. லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம்தான் இந்த மாவு. லென்சுக்குப் பின்னால் அது வட்டமாக விரிந்து விழ, அந்த வட்டத்தின் நடுவிலிருந்து சென்சார் ஒரு செவ்வகத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது.

50 மி.மீ. லென்ஸ் தொலைவில் இருக்கும் ஏகாம்பரநாதர் கோபுரத்தைப் பார்க்கும்போது, சென்சாரிலிருந்து 50 மி.மீ. தள்ளி நிற்பதாகக் கணக்கு. அதே லென்ஸ் 1:1-க்குப் போக வேண்டுமானால் 100 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். தூரம் இரட்டித்தால் வட்டமும் இரட்டிக்கிறது. ஒரு கரண்டி மாவை நான்கு மடங்கு பரப்பில் இழுத்தாயிற்று. சென்சார் வெட்டி எடுக்கும் துண்டில் வெளிச்சம் கால் பங்குதான். படம் எடுக்கிறவர் பாஷையில் இரண்டு ஸ்டாப் நஷ்டம். எஃப் 8 என்று வைத்தாலும் நடைமுறையில் அது எஃப் 16. நிக்கான் கேமராக்கள் இதை மறைக்காமல் காட்டிவிடும். எஃப் 2.8 மேக்ரோவை மாட்டிக் கிட்டப் போகப் போக எண் எஃப் 5-ஐ நெருங்கும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம், மாவு மெலிகிறது, அவ்வளவுதான். கேனான் எண்ணை மாற்றாது, வெளிச்சம் மட்டும் குறையும்.

மெலிந்த மாவுக்கு ஈடுகட்ட மூன்று வழி உண்டு. கரண்டியைப் பெரிதாக்கலாம், அதாவது அப்பர்ச்சரைத் திறக்கலாம். ஒரே இடத்தில் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருக்கலாம், அதாவது ஷட்டரை நீட்டலாம். மாவையே கெட்டியாகக் கரைக்கலாம், அதாவது துணியின்மேல் வெளிச்சத்தைக் கூட்டலாம். தும்பியையோ எறும்பையோ எடுக்கிறவருக்கு இரண்டாவது வழி அடைத்துவிடும், ஏனென்றால் பூச்சி நிற்காது. புடவை எங்கே ஓடப் போகிறது? முக்காலியில் கேமரா, இரண்டு விநாடி டைமர், மின்விசிறி நிறுத்தம். ஒரு விநாடி ஷட்டர்கூடத் தாங்கும்.

மேக்ரோ லென்சின் விலைச்சீட்டில் எதற்கெல்லாம் காசு வாங்குகிறார்கள் என்று பிரித்துப் பார்க்கிறேன். கை நடுக்கத்தை அடக்கும் வசதி, வேகமான ஆட்டோஃபோகஸ், எஃப் 2.8 அகலம், 1:1 பெருக்கம், துணிக்கும் லென்ஸ் முனைக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி. முக்காலியில் படுத்துக் கிடக்கும் துணியை எடுக்கிறவருக்கு முதல் மூன்றும் வீண். நான்காவதில் பாதி போதும். ஐந்தாவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

மலிவான வழிகளில் முதலாவது எக்ஸ்டென்ஷன் டியூப். கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய். கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவே மாட்டி லென்சைத் தள்ளி வைக்கிறது. தோசையைப் பெரிதாக இழுப்பதைத் தவிர அது வேறெதுவும் செய்வதில்லை. குழாயின் நீளத்தை லென்சின் மி.மீ. எண்ணால் வகுத்தால் கூடுதல் பெருக்கம் கிடைத்துவிடும். கேனான் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் தன்னந்தனியாக 0.21 தரும், 36 மி.மீ. குழாய் போட்டால் 0.72 சேர்ந்து ஏறக்குறைய 1:1-ஐ எட்டிப் பிடிக்கிறது. சில நூறு ரூபாய்க்கும் குழாய் கிடைக்கிறது, ஆனால் உள்ளே மின்தொடர்பு ஊசிகள் இருக்காது. கேனான் லென்சில் அப்பர்ச்சரை மாற்ற முடியாமல் முழுக்கத் திறந்தபடியே கிடக்கும். ஊசி உள்ள குழாயையே வாங்குங்கள்.

இரண்டாவது, லென்சின் முனையில் மாட்டும் குளோசப் கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடி மலிவுச் செட்டுகளில் ஓரங்களில் ஊதா விளிம்பு கட்டும். ஜரிகையின் பளபளப்பில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும், வேண்டாம். ரேநாக்ஸ் டிசிஆர்-150, டிசிஆர்-250 இரண்டும் பல கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்தவை. விலை சில ஆயிரம். கிளிப் போல மாட்டிக்கொள்ளலாம். இவை லென்சைச் சென்சாரிலிருந்து தள்ளுவதில்லை. துணியை மட்டும் கிட்ட வரவிடுகின்றன. தோசை அதே அளவு, மாவு மெலிவதே இல்லை.

150-இன் குவியத்தூரம் 208 மி.மீ. பின்னால் உள்ள ஜூமை முடிவிலிக் குவியத்தில் வைத்து, அதன் எண்ணை 208-ஆல் வகுத்தால் பெருக்கம். 55-250 ஜூமில் 100-இல் வைத்தால் ஏறக்குறைய 1:2. 250-க்குத் திருப்பினால் 1.2 மடங்கு. துணிக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி மட்டும் எந்த ஜூமிலும் இருபது செ.மீ. சுற்றிலேயே நிற்கிறது. கேமராவை நகர்த்தாமல் கோர்வையும் எடுக்கலாம், ஜரிகை இழையும் எடுக்கலாம். குறைந்த ஜூமில் மூலைகள் இருளும். ஓரக் கூர்மையில் நிஜ மேக்ரோவுக்குக் கொஞ்சம் கீழேதான். ஆனாலும் 55-250 ஏற்கெனவே வீட்டில் இருக்கிறவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பேன். 250 என்ற மாடல் இன்னும் வலுவானது, பூச்சிக்காரர்களுக்குப் பொருந்தும். புடவைக்கு 150.

லென்சைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் பற்றியும் கேட்பார்கள். கற்றுக்கொள்ள நல்ல வேடிக்கை. இடைவெளி நாலைந்து செ.மீ.தான் கிடைக்கும், லென்சின் பின்புறம் பட்டுப் பிசிறுக்குத் திறந்து கிடக்கும். பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுக்கு அது சரிப்படாது.

தோசை விளக்காத ஒன்று உண்டு, கூர்மையின் ஆழம். ஏபிஎஸ்-சி கேமராவில் 1:1, எஃப் 8 என்று வைத்தால் முன்னும் பின்னுமாகக் கூர்மையாக விழுவது சுமார் 0.6 மி.மீ. மட்டுமே. 1:2-இல் இரண்டு மி.மீ. பட்டுத் துணியின் தடிமன் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் கேமரா சாய்ந்தால் அடங்காது. 22 மி.மீ. அகலத்தில் இரண்டே டிகிரி சாய்வு, ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் முக்கால் மி.மீ. வித்தியாசம் கொண்டுவந்துவிடும்; ஒரு பக்கம் கூர், மறுபக்கம் கலங்கல். லென்சைத் திட்டிப் புண்ணியமில்லை. துணியின்மேல் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தட்டையாக வையுங்கள். திரையில் லென்சின் பிம்பம் சரியாக நடுவில் வரும்வரை கேமராவைத் திருத்துங்கள். கண்ணாடியை எடுத்துவிட்டுப் படம் எடுக்கலாம். எஃப் 22 வரை அடைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். 1:1-இல் அது நடைமுறையில் எஃப் 44 ஆகி, வெளிச்சம் சிதறி இழையெல்லாம் மெழுகிவிடும். எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11.

இடைவெளிக்கு வருகிறேன். கேனான் 35 மி.மீ. மேக்ரோ, நிக்கான் டிஎக்ஸ் 40 மைக்ரோ இரண்டும் விலையில் கவர்ச்சியானவை, கூர்மையும் உண்டு. 1:1-இல் துணிக்கும் லென்சுக்கும் இடையே மிஞ்சுவது மூன்று, மூன்றரை செ.மீ. லென்சே கூரையாகக் கவிழ்ந்து வெளிச்சத்தை மறைக்கும். கேனான் அதற்காகவே முனையில் எல்இடி விளக்கைப் பொருத்திக் கொடுத்திருக்கிறது, ஆனால் ஜரிகைமேல் நேர் எதிரிலிருந்து விளக்கடித்தால் தகரத் தகடு போலத் தெரியும். பட்டுக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு இழைக்கும் ஒரு சின்ன நிழல் விழுந்து நெசவு மேடு பள்ளமாக எழும். ஜன்னலோரம் துணியை வைத்து, ஜன்னலில் வெள்ளை வேட்டி கட்டினாலே போதும். 1:1-இல் 90 மி.மீ. லென்சுகள் பத்து செ.மீ. அளவுக்கு இடம் விடுகின்றன. விளக்கு நுழைய அது போதுமான வாசல். ஜரிகை கூச்சத்துக்குப் போலரைசர் வாங்கச் சொல்வார்கள். தண்ணீரிலும் கண்ணாடியிலும் படும் பிரதிபலிப்பை அது வெட்டும், உலோகத்தில் எடுபடாது. அந்தக் காசு மிச்சம்.

தினமும் பத்துப் புடவை எடுக்கிற கடை என்றால் நிஜ மேக்ரோவே வாங்கலாம், பழையதாக. டாம்ரான் 90 எஃப் 2.8, டோக்கினா 100 எஃப் 2.8, நிக்கானின் ஏஎஃப் மைக்ரோ 60 டி ஆகியவை செகண்ட் ஹாண்டில் அடிக்கடி வருகிறவை. நிக்கானின் டி3000, டி5000 வரிசை உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது; மோட்டார் இல்லாத பழைய லென்சுகள் அவற்றில் தானாகக் குவியாது. அதனாலேயே விலை இறங்கிக் கிடக்கும். நமக்கு அதுவே லாபம், திரையைப் பெரிதாக்கிக் கையால் குவிப்பதுதானே மேக்ரோவில் வழக்கம். வாங்கும்போது இரு மூடிகளையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பரவும், தொடவே வேண்டாம். நாலு தூசு இருந்தால் பாதகமில்லை. லென்சை 1:1 வரை முழுக்க நீட்டி, முனையை லேசாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேறு பாருங்கள். கடைசியாக உங்கள் கேமராவிலேயே மாட்டி, எஃப் 11-இல் ஒரு படம் எடுத்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்து ஒட்டியிருந்தால் அந்த ஒரு படமே வெளிறிக் காட்டிக்கொடுத்துவிடும்.