ஜாமீன் கேட்கவும் கதவு உண்டா? சொஸ்மா வழக்கிலிருந்து ஓர் ஆய்வுக் கேள்வி

சட்டத்துறையில் மேற்படிப்புக்குப் போன நம் முன்னாள் மாணவர்கள் என்றாவது ஒருநாள் நம்மைத் தேடி வருவார்கள். "சார், ஆய்வுக்கு ஒரு தலைப்பு சொல்லுங்களேன்" என்பார்கள். 'எனக்குச் சட்டம் தெரியாதுப்பா' என்று அனுப்பிவிடாதீர்கள். கேள்வியைக் கூர்மையாக்கத் தெரிந்தவர் ஆசிரியர்தான்.

"குற்றவியல் நீதியும் அரசியலமைப்பு உரிமைகளும்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அதை ஆயுள் முழுக்க எழுதினாலும் முடியாது. அதற்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுக்க வேண்டும். அதற்கான வழக்கு நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

2019 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கி இரண்டொரு நாளில் 12 பேர் கைது செய்யப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அந்த இயக்கத்தை நம் நாடு 2014-இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது. கைதானவர்களில் ஒருவர் மலாக்கா காடேக் சட்டமன்ற உறுப்பினரும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி. சாமிநாதன், இன்னொருவர் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரன். அவர்களைப் பிடித்தது சொஸ்மா எனப்படும் 2012-ஆம் ஆண்டு பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம். பழைய இசா சட்டத்துக்குப் பதிலாக வந்தது.

சாதாரணக் கைதில் என்ன நடக்கும்? அரசியலமைப்பின் 5(4)-ஆம் விதிப்படி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் லோக்காப்பில் வைக்க மாஜிஸ்திரேட்தான் அனுமதி தர வேண்டும். குற்றத்தின் கடுமையைப் பொறுத்து மொத்தம் 7 நாளோ 14 நாளோதான் தர முடியும். இதைப் பலரும் வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். ஆனால் போலீஸ்காரர் அல்லாத ஒருவர் அந்த மனிதரை நேரில் பார்க்கிறார், முகத்தில் காயம் இருந்தால் அவர் கண்ணில் படும். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் பிடிபட்டால் அவன் அம்மா நீதிமன்ற வாசலில் காத்திருந்தாவது அவனைப் பார்த்துவிடலாம்.

சொஸ்மாவில் இது மாறிவிடுகிறது. 4-ஆம் பிரிவின்படி, சூப்பரிண்டெண்டெண்ட் தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியே காவலை 28 நாள் வரை நீட்டிக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். குற்றஞ்சாட்டிய பிறகு 13-ஆம் பிரிவு வருகிறது: ஜாமீன் கிடையாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண்கள், நோயாளிகள் ஆகியோருக்கு விலக்கு உண்டு என்றாலும் சில குற்றச்சாட்டுகளுக்கு அந்த விலக்கும் பொருந்தாது.

இந்த இடத்தில் நம் மாணவர் உடனே எழுதுவார்: "இது 5-ஆம் விதியை மீறுகிறது." மேற்படிப்பு ஆய்வேடுகளில்கூட இந்தச் சறுக்கல் நேர்கிறது. 149-ஆம் விதியைப் புரட்டச் சொல்லுங்கள். நாட்டின் பாதுகாப்புக்காக அந்த விதியின்கீழ் நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் 5, 9, 10, 13 ஆகிய விதிகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று அரசியலமைப்பே சொல்லிவிடுகிறது. சொஸ்மா அந்த விதியின் கீழ்தான் இயற்றப்பட்டது. ஆக, 5-ஆம் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் முதல் படியிலேயே வாதம் முடிந்துபோகும்.

இப்போது அந்தப் பட்டியலில் எந்த எண்கள் இல்லை என்று பாருங்கள். சமத்துவம் பேசும் 8 இல்லை. நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பேசும் 121-ம் இல்லை.

சாமிநாதனின் விண்ணப்பம் போன வழி அதுதான். 2019 நவம்பர் 29-ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான், சொஸ்மாவின் 13-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஜாமீன் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்வது நீதித்துறையின் அதிகாரம். அதை நாடாளுமன்றம் அடியோடு எடுத்துக்கொண்டால் அதிகாரப் பிரிவினை குலைகிறது என்பதே தீர்ப்பின் சாரம். எல்லாருக்கும் ஜாமீன் கொடு என்று நீதிபதி சொல்லவில்லை. விண்ணப்பத்தைக் கேட்டு முடிவெடுக்க நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு என்றார். தேர்வு எழுதும் மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

121-ஆம் விதிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1988 திருத்தத்தில் 'நீதித்துறை அதிகாரம்' என்ற சொற்கள் அந்த விதியிலிருந்து போய்விட்டன. அதனால் அதிகாரமே போய்விட்டதா? இல்லை என்றது கூட்டரசு நீதிமன்றம், 2017-இல் செமினி ஜெயா நில வழக்கில். 2018 ஜனவரியில் இந்திரா காந்தி வழக்கிலும் அதையே உறுதிப்படுத்தியது. ஈப்போவைச் சேர்ந்த ஒரு பாலர் பள்ளி ஆசிரியை தன் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கு என்றுதான் நமக்கு அதைத் தெரியும். அதில் வந்த தீர்ப்பு பாதுகாப்புச் சட்டம் வரைக்கும் கைகொடுக்கிறது என்பதை வகுப்பில் ஒருமுறையாவது சொல்லுங்கள்.

நல்ல ஆய்வில் எதிர்த்தரப்பும் இருக்க வேண்டும். 2021 ஜனவரியில் மரியா சின் அப்துல்லாவின் பயணத் தடை வழக்கில், கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 121-ஐ வேறு விதமாகப் படித்தார்கள். சிறுபான்மைத் தீர்ப்பு மாறுபட்டது. ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு இன்னோர் உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும். உங்கள் மாணவரின் கேள்வி இந்த இடைவெளியில் பிறக்க வேண்டும்: "149-ஆம் விதியின்கீழ் இயற்றப்படும் சட்டம், ஜாமீன் குறித்து முடிவெடுக்கும் நீதிமன்ற அதிகாரத்தை எடுத்துவிட முடியுமா?" ஒரே வரிதான். ஓர் ஆய்வேட்டுக்கு இது தாங்கும்.

வழக்கு பிறகு என்ன ஆனது? 2020 பிப்ரவரி 21-ஆம் தேதி, அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். தண்டனை பெறும் அளவுக்கு வழக்கு நிற்காது என்பது அவர் சொன்ன காரணம். முதலில் கைதானவர்களுக்கு அன்று 135-ஆவது நாள். விசாரணை முடியவில்லை, எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை, நாலு மாதத்துக்கு மேல் போய்விட்டது. குற்றவாளியா இல்லையா என்ற விவாதத்தில் இறங்காமலே, ஜாமீன் ஏன் முக்கியம் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

28 நாள் காவல் விதியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச்சில் அந்தத் தீர்மானம் மக்களவையில் 84-க்கு 86 என்று தோற்றது; ஜூலையில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். இரண்டு விவாதங்களும் நாடாளுமன்ற அறிக்கையில் கிடைக்கும், படிக்கச் சொல்லுங்கள். யார் என்ன பேசினார், நாலு மாதத்தில் என்ன மாறியது என்பதே தனி அத்தியாயம் ஆகும்.

கள ஆய்வு செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காடேக், டுரியான் துங்கல், ஜாசின் பக்கத்துக் குடும்பங்களிடம் தமிழில் பேட்டி எடுத்து, மலாயிலோ ஆங்கிலத்திலோ ஆய்வேடு எழுதும்போது மொழிபெயர்ப்பில்தான் பொருள் நழுவும். "புடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்று ஒரு தாய் சொல்வது சட்டப்படி கைதா, வாக்குமூலத்துக்கு அழைப்பா, தடுப்புக் காவலா? மூன்றுக்கும் உரிமைகள் வேறு வேறு. எந்தத் தேதி, எந்த நிலையம், எந்தத் தாளில் கையெழுத்து என்று மெதுவாகக் கேட்டுத்தான் பிரிக்க முடியும். பெயரை மாற்றி எழுதுவதும், எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குவதும், பல்கலைக்கழக ஆய்வு நெறிக் குழுவின் அனுமதியும் இல்லாமல் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூடாது.

புத்தகத்துக்கு எங்கே போவது என்றால், மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் சட்டப் புலம் நம் மலாக்காவிலேயே இருக்கிறது. நீதித்துறையின் அகப்பக்கத்தில் பல தீர்ப்புகள் இலவசம். சட்டத்தின் வாசகத்தை மேற்கோள் காட்டுமுன், திருத்தங்கள் சேர்த்த அண்மைப் பதிப்பா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் வாரத்துக்கு அரசியலமைப்பின் 5, 8, 121, 149 ஆகிய நாலு விதிகளும் சொஸ்மாவின் 4, 13 ஆகிய இரண்டு பிரிவுகளும் போதும். தீர்ப்பை அடுத்த வாரம் தொடலாம்.