மேஜை மீது போர்க்களம். பின்னால் அமைதியான கிராமம்!

ஆறு அடி நீளம், நாலு அடி அகலமுள்ள ஒரு மேஜை. அதன் மேல் பச்சைத் துணி. துணியின் மேல் நானூறு, ஐந்நூறு சிப்பாய்கள். ஒவ்வொருவருடைய உயரமும் ஒரே ஓர் அங்குலம்! சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம். நீலச் சட்டைக்காரர்கள் மறு பக்கம். பகடையை உருட்டினால் பீரங்கி முழங்கும். அளவு நாடாவை நீட்டினால் குதிரைப் படை பாயும்.

குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் இதை ஆடுகிறவர்களில் பலர் தலை நரைத்தவர்கள். சிப்பாய்களின் சட்டைப் பொத்தானுக்குக்கூடத் தனி வர்ணம் தீட்டுகிறவர்கள். தெர்மக்கோலைச் செதுக்கிக் குன்று செய்வார்கள். பாசியை ஒட்டி மரம் வளர்ப்பார்கள். இத்தனையும் செய்த பிறகு ஒரு குறை மிஞ்சுகிறது. மேஜை முடிகிற இடத்தில் உலகமும் முடிந்துவிடுகிறது! நெப்போலியனின் காவல் படைக்குப் பின்னால் புகை சூழ்ந்த வானமா தெரிகிறது? புத்தக அலமாரியும், கோட்டு மாட்டும் ஆணியும் அல்லவா தெரிகின்றன!

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மேஜையின் பின் ஓரத்தில் ஒரு பலகையை நிறுத்தி, அதில் வானத்தையும் மலையையும் எழுதுகிறார்கள். நம் நாடகக் கொட்டகைகளில் தர்பார் படுதா, காட்டுப் படுதா என்று தொங்கவிடுவார்களே, அதே தந்திரம்தான். ஆனால் நாடகத் திரை ஆளைவிடப் பெரியது. இது ஒன்றரை அடி உயரம், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டுக்கு ஊரறியப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சின்னப் புத்தகத்தை அவர் வெளியிட்டார். வீட்டுத் தரையிலும் புல்வெளியிலும் மரக்கட்டைகளை அடுக்கி, குச்சிகளை மரமாக நட்டு, பொம்மைப் பீரங்கியால் பொம்மைச் சிப்பாய்களை நிஜமாகவே சுட்டு வீழ்த்துவது அவருடைய முறை. பெரிய யுத்தம் எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது இந்தச் சின்ன யுத்தத்தை ஆடினால் புரியும் என்று அந்தப் புத்தகத்தில் அவர் வாதாடினார். அடுத்த ஆண்டே உலக யுத்தம் மூண்டது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு விளையாட்டு மறுபடி தலையெடுத்தது. 1962-இல் 'வார் கேம்ஸ்' என்ற நூலை எழுதிய டொனால்டு பெதர்ஸ்டோன் யுத்தத்தில் டாங்கிப் படையில் இருந்தவர். 1967-இல் 'சார்ஜ்!' என்ற நூலை லாபோர்டு என்பவருடன் சேர்ந்து எழுதிய பிரிகேடியர் பீட்டர் யங்கோ கமாண்டோப் படை வீரர். வீரப் பதக்கங்கள் பல பெற்றவர். நிஜக் குண்டுகளைக் கண்ணால் கண்ட மனிதர்கள், ஓய்வு வேளையில் பொம்மைச் சிப்பாய்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். விசித்திரம்தான்!

1959 முதல் ஏர்பிக்ஸ் கம்பெனியார் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக விற்கத் தொடங்கினார்கள். பள்ளிச் சிறுவர்களும் பட்டாளம் சேர்த்தார்கள். அந்தச் சிறுவர்கள்தாம் இன்றைய தாத்தாக்கள். அவர்கள் பின்னணிச் சித்திரம் எழுத உட்கார்ந்தால், வாட்டர்லூ களத்தை ஆராய்ந்து எழுதுவதில்லை. வேலி போட்ட வயல்கள், சர்ச்சுக் கோபுரம், வளைந்து போகும் மண் பாதை, கோடைக்கால மேகம் என்று, பழைய ரயில் விளம்பரப் படங்களிலும் சிறுவர் புத்தகங்களிலும் பார்த்த இங்கிலாந்தைத்தான் எழுதுகிறார்கள்.

அடிவானம் எங்கே?

பலகையை எடுத்தவுடன் வரும் முதல் சிக்கல் இது. அடிவானம் எப்போதும் பார்ப்பவனுடைய கண் மட்டத்தில்தான் இருக்கும். கடற்கரையில் நின்றாலும் சரி, மாடியில் நின்றாலும் சரி, இதுதான் விதி. மேஜையின் உயரம் இரண்டரை அடி. அதன் முன்னே நிற்பவரின் கண் ஐந்தரை அடி உயரத்தில் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால், மேஜைக்கு மேலே மூன்றடி உயரத்தில் அடிவானத்தைப் போட வேண்டும்! அவ்வளவு பெரிய பலகை வைத்தால் அறையே இருட்டிவிடும்.

சரி, புகைப்படம் எடுக்கிறவர் என்ன செய்கிறார்? காமிராவைச் சிப்பாயின் கண் மட்டத்துக்கு இறக்குகிறார். அவருக்கு அடிவானம் மேஜையிலிருந்து ஒரே ஓர் அங்குல உயரத்தில் இருக்க வேண்டும்.

மூன்றடியா, ஓர் அங்குலமா? இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் உண்டு. நிலத்தை நாலைந்து அங்குலத்துக்குள் அடக்கிவிட்டு, மேலே முழுவதையும் வானத்துக்கே விட்டுவிடுகிறார்கள். அடிவானக் கோடு வெளியே தெரியாதபடி அதன் மேல் குன்றுகளை எழுதிவிடுகிறார்கள். குன்று எவ்வளவு உயரமும் இருக்கலாம் அல்லவா? கண் ஏமாந்துபோகிறது; சந்தோஷமாகவே ஏமாறுகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஆறடி மனிதன் ஓர் அங்குலம் என்றால், எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு மைல் தூரம் எழுபத்து மூன்று அடி! ஒரு மைலுக்கு அப்பால் உள்ள குன்றைக் காட்ட வேண்டுமானால் மேஜை பக்கத்து வீட்டுத் தோட்டம் வரைக்கும் நீள வேண்டும். அந்த ஒரு மைலைத்தான் சன்னமான ஒட்டுப்பலகையின் மேல் வர்ணத்தாலேயே உண்டாக்குகிறார்கள்.

அதற்கு வழி, தூரம் போகப் போக நிறத்தை வெளுக்க விடுவது. முதலில் வானம். உச்சியில் நீலம், கீழே வர வர வெள்ளையைச் சேர்த்து, ஈரம் காயும் முன்பே இழைத்துவிட வேண்டும். பிறகு கடைசி வரிசைக் குன்றுகள். வானத்தைவிட ஒரு சாயல்தான் கூடுதலான சாம்பல் நீலம். அதற்கு முன்னால் நீலம் கலந்த பச்சை. கடைசியில்தான் மேஜைத் துணியின் பச்சை. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் வர்ணமே போதும். ஆனால் பளபளப்பு உதவாது. பளபளத்தால் அறையின் மின்விளக்கு வானத்தில் இரண்டாவது சூரியனாக உதித்துவிடும்! மரங்களைத் தூரிகையால் எழுதுவதைவிடக் கடற்பஞ்சுத் துண்டால் ஒற்றுவது நல்லது. இலை இலையாக எழுத முயன்றவர்களின் பலகை சிப்பாய்களை விழுங்கிவிடுகிறது.

பாதையை மட்டும் ஜாக்கிரதையாக எழுத வேண்டும். மேஜை மேல் வரும் பாதை நேரே பலகைக்குள் ஏறினால், பார்ப்பவர் இரண்டடி நகர்ந்ததும் அது முறிந்த கை போல மடங்கித் தெரியும். வேலிக்குப் பின்னே மறைந்து திரும்புவதாக விட்டுவிட்டால் தொல்லை இல்லை. வேலியும் புதருமே பலகையும் மேஜையும் சேரும் இடுக்கை மறைத்துவிடும். மரங்களையும் பலகையோடு ஒட்டி வைக்கக்கூடாது. வானத்தின் மேல் மரத்தின் நிழல் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சுவரொட்டியில் ஒரு யுத்தம்

போருக்குப் பின்னால் இவ்வளவு சாந்தமான கிராமமா என்று கேட்கத் தோன்றும். நிஜ யுத்தத்திலேயே அப்படி எழுதியிருக்கிறார்கள். ரயில்வே விளம்பரங்களுக்குப் படம் எழுதிப் புகழ்பெற்ற பிராங்க் நியூபோல்டு, 1942-இல் பிரிட்டிஷ் யுத்த இலாகாவுக்காகச் சுவரொட்டி எழுதினார். தெற்கு டௌன்ஸ் குன்றுகள், ஆட்டிடையன், அவன் நாய், பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை வீடு. 'இது உன் பிரிட்டன், இதற்காகப் போரிடு' என்பது அதிலிருந்த வாசகத்தின் கருத்து. துப்பாக்கியும் இல்லை, சிப்பாயும் இல்லை.

அதே வாசகத்துக்கு ஏப்ரம் கேம்ஸ் என்ற இளம் ஓவியரும் படங்கள் எழுதினார். அவற்றில் ஒன்றில் லண்டன் பின்ஸ்பரியின் புதிய சுகாதார நிலையத்தையும், அதன் பின்னே இடிந்த சுவர்களுக்கிடையில் எலும்பு வளைந்த ஒரு ஏழைக் குழந்தையையும் காட்டினார். சர்ச்சிலுக்குக் கோபம் வந்தது. அந்தச் சுவரொட்டி நிறுத்தப்பட்டது. நியூபோல்டின் ஆடுகளோ தடையில்லாமல் மேய்ந்தன. இன்று மேஜைப் பலகைகளில் ஏறுவதும் அந்த மாதிரிக் குன்றுகள்தாம்.

ஸ்விட்ஜர்லாந்தில் லூசர்ன் நகரத்தில் வேறு விதமான பின்னணி ஒன்று இருக்கிறது. வட்ட மண்டபத்தின் சுவர் முழுக்கச் சுற்றிவரும் பிரம்மாண்டமான சித்திரம். நீளம் நூறு மீட்டருக்கும் அதிகம். அதன் முன்னே, சித்திரம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி நிஜப் பொருள்களும் ஆள் உயரப் பொம்மைகளும். மேஜைக்காரர்கள் வேலியை வைத்து மறைக்கும் அதே இடுக்கு!

1871-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தோற்றுப்போன பிரெஞ்சுத் தளபதி பூர்பாக்கியின் படையினர் ஏறத்தாழ 87,000 பேர் எல்லையைத் தாண்டி ஸ்விட்ஜர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்கள். சித்திரம் அதைத்தான் காட்டுகிறது. பனியில் குவிந்து கிடக்கும் துப்பாக்கிகள், விழுந்த குதிரைகள், கந்தல் சுற்றிய கால்கள். 1881-இல் உதவி ஓவியர்களை வைத்துக்கொண்டு அதை எழுதி முடித்த எடுவார் காஸ்த்ர், அந்த யுத்தத்தில் செஞ்சிலுவைத் தொண்டராகப் போயிருந்தவர். கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு வண்டியின் பக்கத்தில் நடந்து வருகிறவராகத் தம்மையும் அந்தச் சித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.