கை நடுங்கக் கூடாத படிப்பு

பி.டி.எஸ். முதலாண்டு மாணவருக்குத் தொழில் தொடங்குவது மெழுகுக் கட்டியில்தான். சின்னக் கத்தியால் அதைச் செதுக்கி, ஒரு கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்களை அளவு பிசகாமல் கொண்டுவர வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவிவிட்டால் போச்சு, புதுக் கட்டியில் மறுபடி தொடங்க வேண்டியதுதான். இரண்டாம் ஆண்டில் பொம்மைத் தலையில் பயிற்சி. மூன்றாம் ஆண்டில் நாற்காலியில் உயிருள்ள மனிதர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நிமிடத்துக்கு 3 லட்சம் முறைக்கு மேல் சுழலும், பல்லைக் குடையும் ஏரோட்டார் கருவியை அவர் வாய்க்குள் கொண்டுபோகும் கை, இருபது வயதுப் பிள்ளையின் கை.

மாணவர்களின் குடிப்பழக்கம் என்றதும் "மார்க் குறையும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். பல் மருத்துவப் படிப்பில் மதிப்பெண்ணுக்கு முன்பே அடி வாங்கும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று கை. மற்றது வருகைப் பதிவேடு.

கையின் கணக்கு எளிது. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தியோ விஸ்கியோ பொதுவாக 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டது. 180 மி.லி. குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ உள்ளே போனால், உலக சுகாதார நிறுவனம் அதை மிகை குடியாகக் கணக்கில் எடுக்கிறது. ஹாஸ்டலில் "ஒரு குவார்ட்டர்தானே மச்சான்" என்று இலேசாகச் சொல்லப்படுவது அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு 12 மணிக்குக் குடித்து முடித்தவரின் ரத்தத்தில் காலை 6 மணிக்கும் ஆல்கஹால் மிச்சமிருக்கலாம். சிலருக்கு 8 மணி போஸ்டிங் வரையிலும் நீளும். இரண்டு குவார்ட்டர் என்றால் மறுநாள் மதியத்தையும் தாண்டும். கறுப்புக் காப்பி, மோர், தலைக்குக் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. பீர் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் நிற்காது: 8 சதவீதம் கொண்ட 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் 40 கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது.

ஆல்கஹால் முழுக்க வெளியேறிய பிறகும் கவனச் சிதறல், விரல் நடுக்கம், தாமதமான எதிர்வினை ஆகியவை அன்று முழுவதும் தொடரலாம். கீழ்த்தாடையை மரத்துப்போகச் செய்ய ஊசி போடும்போது, நுனி ரத்தக் குழாய்க்குள் போகவில்லை என்று பின்னிழுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நொடிக் கவனம் தவறினால் பாதிப்பு நோயாளிக்கு. ஊசி தன் விரலில் குத்திக்கொண்டால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. அபாயம் மாணவருக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, தொடங்கியாக வேண்டும். முந்தைய இரவு குடித்தது தெரிந்துவிடுமே என்று ஊசி குத்தியதையே மறைப்பவர் அந்த அவகாசத்தைத் தானே இழக்கிறார். எந்தக் காரணத்துக்காகவும் இதை மறைக்கக் கூடாது.

அடுத்து வருகை. பல் மருத்துவக் கவுன்சிலின் 2007ஆம் ஆண்டு விதிமுறைப்படி தியரியில் 75 சதவீதம், செய்முறையில் தனியாக 75 சதவீதம் வருகை வேண்டும். கிளினிக்கில் நோயாளிகளைப் பிரித்துக் கொடுப்பது காலையில். பத்தரை மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருபவருக்கு அன்றைய கேஸ் போய்விட்டிருக்கும். பல் பிடுங்கல், வேர் சிகிச்சை, முழுப் பல்செட் என்று கோட்டா முடிக்க வேண்டிய மாணவருக்கு, தவறவிட்ட கேஸ் ஒவ்வொன்றும் கடன். புத்தகப் பாடத்தை விடிய விடியப் படித்து ஈடுகட்டிவிடலாம். நோயாளியை அப்படி ராத்திரியில் வரவழைக்க முடியாது.

மதிப்பெண் சரிவது தூக்கத்தின் வழியாகத்தான். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்பது உண்மை. ஆனால் பின்னிரவில் அது துண்டு துண்டாகிறது. கனவு வரும் ஆர்.இ.எம். தூக்கம் குறைகிறது. பகலில் படித்த உடற்கூறியல் நரம்புப் பெயர்களும் மருந்தியல் அளவுகளும் மூளையில் நிலைபெறத் தூக்கம் தேவை. குடியும் அதிகமாகி வேகமும் கூடினால் மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸ் புது நினைவைப் பதிவதையே நிறுத்திவிடும். "நேத்து என்ன நடந்துச்சுன்னே தெரியல" என்று சிரித்துக்கொண்டே சொல்லப்படுவது மூளை தந்த எச்சரிக்கை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். குடித்துக்கொண்டே எல்லாப் பேப்பரையும் க்ளியர் செய்பவர் ஒருவரை எந்த ஹாஸ்டலிலும் காட்டலாம். மாணவர்களிடம் ஒரே ஒருமுறை எடுக்கும் கருத்துக்கணிப்பால், குடியால் அரியர் வந்ததா, அரியரால் குடி வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. வீட்டின் கடன், எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏமாற்றம், எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கிய அவமானம் என்று பல் மருத்துவ மாணவரை அழுத்தும் சுமைகள் நிஜமானவை. அவற்றைக் கேட்காமல் குடியை மட்டும் கண்டிக்கும் கல்லூரி பாதி வேலையைத்தான் செய்கிறது.

முதல் குடி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பிறந்தநாள் ட்ரீட், பேச் பார்ட்டி, சீனியர் நீட்டும் டம்ளர். இங்கே மாணவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. தமிழகத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கவே கூடாது. பதினேழு பதினெட்டு வயதில் சேருபவர் மூன்றாம் ஆண்டு வரை பெரும்பாலும் அந்த வயதைத் தொடுவதில்லை. விருப்பமில்லாத ஒன்றைச் செய்யச் சொல்லி ஜூனியரை வற்புறுத்துவது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டப்படி குற்றம். குடிக்கச் சொல்வதும் அதில் அடங்கும். 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றம் நிரூபணமானால் கல்லூரியிலிருந்தும் நீக்கப்படுவார். புகார் வந்தும் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார்.

இது ஏட்டுச் சட்டம் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரூ என்ற முதலாண்டு மாணவர், போதையில் இருந்த சீனியர்கள் அடித்ததில் உயிரிழந்தார். நாடே அதிர்ந்த பிறகு, அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு ராகிங் தடுப்பு விதிகளைக் கொண்டுவந்தது. புகாருக்கான தேசிய இலவச எண் 1800-180-5522.

வண்டி ஓட்டுபவருக்கு ஒரு வார்த்தை. 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போதும் இந்த அளவு பொருந்தும்.

சரி, பழக்கம் கைமீறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' வினாத்தாளில் பத்தே கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம். தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் மட்டும் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனைக் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். பார்ட்டியில் எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உடல் சில்லிட்டுக் கிடப்பவரை "தூங்கித் தெளியட்டும்" என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

உதவி கேட்கத் தயங்குவதற்குக் காரணம் பயம்தான்: வீட்டுக்குத் தெரிந்துவிடும், டீன் அறைக்குப் போய்விடும். மாணவியருக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. அதே அளவு மது பெண்ணின் ரத்தத்தில் கூடுதலாக ஏறும் என்பதால் உடல்சேதமும் சீக்கிரம் வரும்; ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி சிகிச்சையோ தாமதமாகத்தான் தொடங்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதனால் அரசு வழங்கும் மனநல சிகிச்சையைப் பெறுவது மாணவரின் உரிமை. 18 வயது நிரம்பியவரின் சிகிச்சை விவரத்தை, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, அவர் சம்மதமின்றிக் கல்லூரிக்குச் சொல்லக் கூடாது. மற்ற நோய்களுக்குத் தரும் அதே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும். பதிவில்லாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறை உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

பல் மருத்துவ மாணவர் தினமும் மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்துவிட்டு, "இந்த மாத்திரை முடியுற வரைக்கும் குடிக்காதீங்கண்ணே" என்று நோயாளியிடம் சொல்கிறார். புகையிலையும் மதுவும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் அபாயம் பல மடங்காவதைத் தேர்விலும் எழுதுகிறார். அந்த அறிவு அவர் ஹாஸ்டல் அறைக்குள்ளும் போக வேண்டுமானால் கல்லூரிகள் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து காலைப் போஸ்டிங்குக்கு வராத மாணவரிடம் மெமோ நீட்டும் முன், ஓர் ஆசிரியர் தனியே உட்கார்ந்து பேசட்டும். 14446 என்ற போதை மீட்பு எண்ணையும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒவ்வொரு ஹாஸ்டல் மாடியிலும் ஒட்டிவையுங்கள். இரண்டும் கட்டணமில்லாதவை.