தத்துப் பிள்ளைக்குக் காத்திருக்கும் காலம்

குழந்தைப் பேறு வாய்க்காத தம்பதியர் பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்ப்பது நம் தோட்டப்புற மக்களுக்குப் புதிதன்று. வறுமையும் போரும் வாட்டிய காலத்தில், சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழ்த் தாய்மார் மடியில் வாங்கி வளர்த்த வரலாறு இந்நாட்டுத் தோட்டங்களுக்கு உண்டு. அக்குழந்தைகள் தமிழ் பேசி, தமிழ்ப் பெயர் தாங்கி, பொட்டிட்டுப் பூச்சூடி வளர்ந்து பாட்டிமாராகவும் ஆயினர். அன்று வாய்ச்சொல்லே போதுமெனக் கருதப்பட்டது. ஆயின், வாய்ச்சொல்லால் வந்த பிள்ளைகளுட் சிலர் பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் கேட்கப்பட்ட நாளில் தவித்ததையும் நாம் அறிவோம்.

இன்று கடல் கடந்து வாழும் உறவினரின் பிள்ளையைத் தத்தெடுக்க முயல்வோர் நம்மிடையே உள்ளனர். 'விண்ணப்பம் கொடுத்து ஓராண்டாயிற்று. பிள்ளை இன்னும் வந்து சேரவில்லையே' என்பது அவர்தம் கவலை. இத்தாமதம் எதனால் நேர்கிறது? அதில் பொறுத்துக்கொள்ள வேண்டிய பகுதி எது, நாமே தவிர்க்கக்கூடிய பகுதி எது? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நாட்டுச் சட்டங்கள்

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜா செல்லும் வழியில் உள்ள சிற்றூர் திரிங்காப். அவ்வட்டாரத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பதியரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இருவரும் மலேசியக் குடிமக்கள், இந்து சமயத்தவர். மனைவி தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்து பின்னர் குடியுரிமை பெற்றவர். அவருடைய தமக்கைக்கு மூன்று பெண்கள். இளையவளைத் தங்கைக்குத் தத்தாகத் தர அக்குடும்பம் இசைகிறது. உறவு நெருக்கமானது, இரு வீட்டாருக்கும் சம்மதம். ஆயினும் பிள்ளை உடனே விமானம் ஏற இயலாது. ஏன்?

முதலாவது, இந்தியச் சட்டம். வெளிநாட்டில் வாழும் சிற்றன்னையோ மாமனோ உறவினர் பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பினால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படியே செய்தல் வேண்டும். கோயிலில் நடத்தும் தத்துச் சடங்கோ, முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தமோ இதற்குப் போதாது. பிள்ளை வாழும் மாவட்டத்தின் ஆட்சியர் தத்து ஆணை வழங்கவேண்டும். 2022 செப்டம்பருக்கு முன் இவ்வதிகாரம் நீதிமன்றத்திடம் இருந்தது. ஆணை பெற்ற பின்னர், புதுடில்லியிலுள்ள மத்திய தத்து வள ஆணையம் தடையில்லாச் சான்று தரவேண்டும். உரிய ஆணையின்றிப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் கொண்டுசெல்வதும் மூன்றாண்டு வரை சிறைக்கோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றமாகும்.

இரண்டாவது, மலேசியச் சட்டம். முஸ்லிம் அல்லாதோர் 1952-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர்நீதிமன்றத்திலோ ஆணை பெறலாம். இதற்குத் தத்தெடுப்பவரும் பிள்ளையும் இங்கு வழக்கமாக வசிப்பவராயிருத்தல் வேண்டும். ஆணைக்கு முன்னர் குறைந்தது மூன்று மாதம் இடைவிடாது பிள்ளை அவர்தம் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். சமூகநல இலாகாவுக்கும் மூன்று மாதத்துக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளையின் நலனை ஆராய்ந்து கூற நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமிக்கும். தேவையெனக் கருதினால் ஆறு மாதம் முதல் ஈராண்டு வரையிலான இடைக்கால ஆணையையும் அது பிறப்பிக்கலாம்.

சிக்கல் எங்கே என்பது இப்போது விளங்கும். பிள்ளை இங்கு நல்ல முறையில் ஏற்கப்படும் என்னும் உறுதியை இந்தியா நாடுகிறது. பிள்ளை இங்கே வந்து வசிப்பதை மலேசியச் சட்டம் எதிர்பார்க்கிறது. வந்து வசிப்பதற்கோ குடிநுழைவு இலாகாவின் அனுமதி வேண்டும். 1993-ஆம் ஆண்டின் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இணைந்த நாடுகளிடையே இவ்வேலைகளை ஒருங்கிணைக்க ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மைய அமைப்பு உண்டு. இந்தியா 2003-இல் அதில் இணைந்தது, மலேசியா இணையவில்லை. ஆகவே நம் தம்பதியர் ஒவ்வோர் இலாகாவையும் தனித்தனியே அணுகவேண்டியுள்ளது. கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் முதலிலேயே விசாரித்துத் தொடங்குவது நலம்.

இத்துணைச் சோதனை எதற்கு?

'சொந்த அக்காள் பிள்ளைக்கு இத்துணைச் சோதனையா?' என்று கேட்கத் தோன்றும். அவசரத் தத்தினால் விளைந்த கேட்டினை அண்டை நாடான இலங்கையின் அனுபவம் காட்டுகிறது. 1970-களிலும் 1980-களிலும் அங்கிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்தாக அனுப்பப்பட்டனர். தரகர்கள் இடையில் புகுந்தனர். பொய்ப் பிறப்புப் பத்திரங்கள் தயாராயின. பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்தி, தாயென நிறுத்தி ஒப்புதல் பெற்ற நிகழ்ச்சிகளும் உண்டு. அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகித் தாயைத் தேடி இலங்கைக்கு வந்தபோது, கையிலிருந்த பத்திரத்தில் கண்ட பெயர் தம் தாயின் பெயரே அன்று என அறிந்து சிலர் கலங்கினர். 2020 டிசம்பரில் சுவிட்சர்லாந்து அரசாங்கம் இம்முறைகேடுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 பிப்ரவரியில், பல நாடுகளிலிருந்து நடந்த தத்துகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கையை அடுத்து, நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது.

பெற்றவள் மனமொப்பிக் கொடுத்தாளா, பணம் கைமாறியதா, பிள்ளை நன்கு வாழுமா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காணவே சட்டம் காலம் எடுத்துக்கொள்கிறது. சுற்றளவு வராத இளம் ரப்பர் மரத்தில் எவரும் கத்தி வைப்பதில்லை. வைத்தால் மரம் கெடும் என்பதை நாம் அறிவோம். சட்டம் விதிக்கும் காத்திருப்பும் அத்தகையதே. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நாமே உண்டாக்கும் தாமதம்

மற்றொரு வகைத் தாமதம் நம்மால் நேர்வது. அதனுள் முதன்மையானது பெயர்க் குழப்பம். தமிழ்நாட்டில் தந்தையின் பெயரை முதலெழுத்தாக எழுதுவர்; இங்கே 'ஏ/எல்', 'ஏ/பி' என்று எழுதுகிறோம். ஒரே பெண்மணியின் பெயர் கடப்பிதழில் ஒருவிதமாகவும் திருமணப் பத்திரத்தில் வேறுவிதமாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கவே மாதங்கள் கழியும். எனவே விண்ணப்பிக்கும் முன்பே எல்லாப் பத்திரங்களையும் ஒருங்கே வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, கொடுத்த தாள்களுக்கெல்லாம் நகல் எடுத்து, தேதியிட்டு, ஒரே கோப்பில் வைத்தல் வேண்டும். மலையிலிருந்து இறங்கி நகரத்து அலுவலகத்துக்குச் செல்லும் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை இழந்தே செல்கிறார். ஒரு தாள் குறைந்து திரும்பி வந்தால் மறுநாள் சம்பளமும் போகும். வழக்கறிஞருக்குச் செலவிட வசதியில்லாதோர் சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

இரண்டு செயல்களை அறவே விலக்கவேண்டும். 'விரைவில் முடித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்கும் தரகரை நம்புதல் ஒன்று. பிறர் பெற்ற பிள்ளையைத் தாம் பெற்றதாகப் பிறப்புப் பதிவு செய்தல் மற்றொன்று. இது குற்றம். உண்மை வெளிப்படும் நாளில் துன்புறுவது பிள்ளையே.

குடியுரிமை தனி விண்ணப்பம்

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. நீதிமன்றம் தத்து ஆணை வழங்கியதும் பிள்ளை தம் பிள்ளையாகிவிடும், வாரிசுரிமையும் பெறும். ஆயின் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை அதனால் மட்டும் மலேசியக் குடிமகளாகிவிடுவதில்லை. குடியுரிமைக்குத் தேசியப் பதிவிலாகாவில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். சிறப்புச் சூழ்நிலையில் 21 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் குடியுரிமையில் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் பிரிவாக அரசியல் சட்டத்தின் 15ஏ அமைந்தது. 2024 அக்டோபரில் மக்களவை ஏற்ற திருத்தம் அவ்வயதை 18 ஆகக் குறைக்க வகை செய்கிறது. ஆகவே 18 என்பதையே கடைசி எல்லையாக மனத்தில் கொண்டு, பிள்ளை சிறுமியாக இருக்கும்போதே விண்ணப்பித்தல் அறிவுடைமை. ஏனைய பிள்ளைகள் 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்கும்போது, நம் பிள்ளை மட்டும் வெறுங்கையுடன் நிற்கலாகாது.

காத்திருக்கும் காலத்தில்

காத்திருக்கும் காலம் வெறுங்காலம் அன்று. பிள்ளையுடன் வாரந்தோறும் தொலைபேசியில் பேசலாம், புகைப்படம் அனுப்பலாம், பெற்ற தாயின் கையெழுத்தில் ஒரு கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்தலாம். 'நீ பெரியம்மா வயிற்றில் பிறந்து எங்களிடம் வந்தவள்' என்னும் உண்மையைப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே சொல்லி வளர்ப்பதே நன்று. பின்னாளில் அயலார் வாயிலாகக் கேட்டறியும் உண்மை பிள்ளையின் நெஞ்சைப் புண்படுத்தும்.

ரப்பர் தோட்டமாயினும் தேயிலைத் தோட்டமாயினும் சட்டம் ஒன்றே. இன்று உங்கள் வீட்டில் பத்திரமின்றி வளரும் பிள்ளை இருப்பின், நாளை என்று தள்ளிப்போடாமல் சமூகநல இலாகாவையும் பதிவிலாகாவையும் அணுகுங்கள். அன்புடன் வளர்க்கும் பிள்ளைக்குச் சட்டப்படி பெயரும் நாடும் பெற்றுத்தருவதும் பெற்றோரின் கடமையே.