உங்களுக்குத் தெரியுமா? பால் நஞ்சை முறிக்காது

நாய் எதையோ தின்று நுரை தள்ளினால், யாழ்ப்பாணத்து வீடுகளில் பலர் முதலில் ஓடுவது பால் எடுக்கத்தான். பால் நஞ்சை முறிக்காது. கொழுப்பில் கரையும் சில நஞ்சுகள் உடலில் இன்னும் கூடுதலாகச் சேரவும் அது வழிவிடலாம். வலிப்பில் கிடக்கும் நாய்க்குப் பருக்கினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அதுவே உயிரை எடுக்கும். உப்புத் தண்ணீரும் வேண்டாம்.

கோப்பியும் நாய்க்கு நஞ்சா? உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கஃபீன் போனாலே நாய்க்கு வாந்தியும் படபடப்பும் தொடங்கலாம். ஒரு வாய் நக்கியதைவிடக் கோப்பித் தூளும் வடித்த மண்டியும்தான் ஆபத்து. குப்பை வாளியை மூடி வையுங்கள்.

எனக்குப் பெரிய பயம் சொதிதான். நாய்ச்சோற்றில் ஊற்றும் அந்த மிச்சச் சொதியில், வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த சின்ன வெங்காயம் அரிந்து கிடக்கிறது. வெங்காயம் செங்குருதிக் கலங்களை உடைக்கும். அவித்தாலும் அந்தக் குணம் போகாது. பூனைக்கு இன்னும் கொஞ்சமே போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து முரசு வெளிறும், சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகும். அதுவரை காத்திராதீர்கள், தின்றது தெரிந்ததும், மிச்சத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.