வெட்டுகத்திக்கு எந்த உறை?

ஒற்றசேகரமங்கலம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கத்தி போதாது. ரப்பருக்குப் பால்வெட்டுக் கத்தி, தென்னைக்கும் விறகுக்கும் வெட்டுகத்தி, புல்லுக்கு அரிவாள், அடுக்களைக்கு வேறொன்று. கேரளத்து நெய்யாற்றங்கரைக்கு வடகிழக்கே இருக்கும் இந்த ஊர் தொடங்கி, தெற்கே பாறசாலை தாண்டிக் குமரி மாவட்டத்து விளவங்கோடு வரை ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் கலந்த பூமி. 1956 நவம்பர் 1 அன்று இதன் நடுவே மாநில எல்லை விழுந்தது. இரு பக்கத்துக் கத்திகளும் அப்படியேதான் இருந்தன.

மாறியிருப்பது கத்தியை எடுத்துப்போகும் விதம். கையில் பிடித்து வரப்போடு நடந்த காலம் போய், இன்று அது பைக்கில் போகிறது. பையிலோ சீட்டுக்கு அடியிலோ கிடந்து குலுங்குகிறது. சாக்குத்துணி சுற்றினால் இரண்டு நாளில் கிழிகிறது. நல்ல உறை வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வருகிறது.

உறை காப்பது கையை மட்டுமல்ல, கத்தியின் வாயையும்தான். ரப்பர் மரத்தில் ஒரு வெட்டுக்குச் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். கத்தி ஆழம் போய் மரத்தின் வளர்படலத்தைத் தொட்டால் பட்டை பழையபடி வளராது, புடைத்துக் காய்த்துவிடும். வாய் மழுங்கினால் இந்த ஆழம் கைக்கு அடங்காது. அதனால் மழுங்கிய கத்தியோடு விடியற்காலையில் தோட்டத்தில் இறங்குவது மரத்துக்கே கேடு.

தோல் உறை பார்வைக்கு அழகு. ஆனால் இடவப்பாதி, துலாவருஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் மண்ணுக்கு அது ஒத்துவராது. தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும்; மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் என்றால் அதில் அமிலத்தன்மையும் இருக்கும். கொல்லப் பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த கத்தி கரி கூடிய எஃகு. ஈரத் தோலுக்குள் ஓர் இரவு கிடந்தாலே அதில் துரு பூக்கும்.

இந்த இடத்துக்குத்தான் வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக் தகடு வருகிறது. உலகெங்கும் கத்தி உறை செய்பவர்கள் அதிகம் சொல்லும் பெயர் கைடெக்ஸ். பிவிசியும் அக்ரிலிக்கும் கலந்த இந்தத் தகட்டை அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1965-இல் உருவாக்கியது. அன்று அதற்குக் கத்தியோடு ஒரு சம்பந்தமும் இல்லை. விமானத்தின் உட்புறப் பலகைகளுக்காகப் பிறந்த பொருள் அது. எளிதில் தீப்பிடிக்காது, கீறல் தாங்கும், தண்ணீர் குடிக்காது. இந்தக் குணங்களே பிற்பாடு துப்பாக்கி உறைக்கும் கத்தி உறைக்கும் அதைக் கொண்டுவந்தன. போல்டரான் என்ற போட்டித் தகடும் பிவிசிக் கலவைதான்.

ஏன் பிவிசிக் கலவை? சூடேறும்போது இவ்வகைப் பிளாஸ்டிக் திடீரென உருகிவிடாது. வாட்டிய வாழையிலை போலக் கொஞ்சங்கொஞ்சமாகத் துவளும். துவண்ட நிலையில் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் கத்தியின் ஒவ்வொரு விளிம்பையும் அச்செடுத்துக்கொள்ளும். கத்தியை உள்ளே தள்ளும்போது ‘டக்’கென்று பிடிப்பது அந்த அச்சால்தான். தண்ணீர்க் கேன், டிரம் செய்யும் எச்டிபிஇ அப்படியல்ல. அது இளகும் பதத்துக்கும் உருகும் பதத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆறும்போது நன்றாகச் சுருங்கும். அச்சும் கூர்மையாக விழாது. பாலிப்ரொப்பிலீனும் அதே ரகம்.

கடையில் கிடைக்கும் மற்ற தகடுகளையும் பார்த்துவிடலாம். விளம்பரப் பலகைக் கடையின் அக்ரிலிக் பளபளக்கும். கீழே விழுந்தால் விரியும். அதே கடையின் ஃபோம் ஷீட்டும் பிவிசிதான் என்றாலும் உள்ளே நுரை, கத்தியின் வாய் அதை அறுத்துக்கொண்டு வெளியே வரும். கூரைக்குப் போடும் பாலிகார்பனேட் உறுதியானது; ஆனால் காற்றின் ஈரத்தை உள்வாங்கியிருக்கும், முன்கூட்டி உலர்த்தாமல் சூடாக்கினால் உள்ளே குமிழி விடும். ஏபிஎஸ் நன்றாக வளையும், அச்சும் எடுக்கும். கைடெக்ஸ் கிடைக்காதபோது முயலத் தக்கது.

பெயர் தெரியாத தகடு கையில் இருந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும். சிறு துண்டைப் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பெரும்பாலும் எச்டிபிஇ அல்லது பாலிப்ரொப்பிலீன். சட்டென்று மூழ்கினால் பிவிசி வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். மெல்ல மூழ்கினால் ஏபிஎஸ்ஸாக இருக்கலாம். அடுத்தது, தகட்டில் 10 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, வெட்டி, சூடாக்கி, ஆறிய பிறகு அளப்பது. எந்தப் பக்கம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்துகொண்டால் கூடுதலாக எவ்வளவு விட்டு வெட்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கனத்தில் பேராசை கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் சிறிய கத்திக்குப் போதும். இரண்டு மில்லிமீட்டர் பெரும்பாலான வேலைக் கத்திகளுக்குச் சரி. இரண்டரையை நெருங்கும் தகடு கனமான கத்திக்கும் துப்பாக்கி உறைக்கும். மூன்றைத் தாண்டினால் உறை முரடாகிவிடும், மூலைகளில் அச்சும் மொண்ணையாக விழும்.

கைடெக்ஸைச் சுமார் 160 டிகிரி செல்சியஸில் ஓவனில் சில நிமிடம் வைத்தால் துவண்டுவிடும். கத்தியின் வாயில் மாஸ்கிங் டேப் சுற்றி, தகட்டைப் போர்த்தி, இரண்டு கெட்டி ஃபோம் பலகைகளுக்கு நடுவே இறுக்கி ஆறவிட வேண்டும். டேப் தரும் சிறு இடைவெளிதான் பின்னர் கத்தியை உரசாமல் காக்கும். பிறகு ரிவிட் அடிப்பதும், நுனியில் தண்ணீர் வடிய ஒரு துளை போடுவதும். மழை ஊரில் அந்தத் துளையை மறக்கக் கூடாது. அச்சு தப்பினாலும் நஷ்டமில்லை. மறுபடி சூடாக்கினால் தகடு பெரும்பாலும் பழையபடி தட்டையாகும்.

அந்தக் குணமே ஆபத்தும்கூட. வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்கு அடியில் கறுப்பு உறையை விட்டுப்போனால் கோணிக்கொள்ளும். பிவிசியை அளவுக்கு மேல் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். கண்ணையும் மூச்சையும் எரிக்கும். ஆகவே கேஸ் அடுப்புத் தீயில் காட்டக் கூடாது. சமையலுக்குப் புழங்கும் ஓவனில் வைக்கவும் கூடாது. பழைய பிவிசிக் குழாயைப் பிளந்து உறை செய்ய நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: குழாய்களில் ஈயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதிகள் 2021-இல்தான் வந்தன. அதற்கு முந்திய குழாயை அறுத்து ராவும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும்.

தகடு சரியாக அமைந்தாலும் வடிவம் ஒத்துழைக்க வேண்டும். பால்வெட்டுக் கத்தியின் முனை மடிந்தது. தகட்டை அப்படியே அழுத்தினால் மடிப்புக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், கத்தி வெளியே வராது. துப்பாக்கி உறை செய்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. விசை வளையத்தை அடைத்துவிட்டுத்தான் அச்செடுப்பார்கள். பால்வெட்டுக் கத்திக்கும் அதுதான் வழி. மடிப்பைக் களிமண்ணாலோ மரத்துண்டாலோ நிரப்பிய பிறகு தகட்டைப் போர்த்த வேண்டும்.

வெட்டுகத்தியின் வளைந்த மூக்குக்கு அந்த வித்தையும் செல்லாது. நேராக உருவ முடியாத கத்திக்கு இறுக்கமான உறை எதற்கு? இதற்கு விடை இந்த மண்ணின் பனையேறிகளிடம் இருக்கிறது. பாளை சீவும் அரிவாளை அவர்கள் இடுப்பின் பின்னே கட்டிய அருவாப்பெட்டியில் போட்டுக்கொண்டுதான் மரமேறினார்கள். வாய் அகன்ற, உறுதியான, இலேசான பெட்டி. கத்தியை இறுக்கிப் பிடிக்காது, ஆனால் விழவிடாது. ஒரு கையால் மரத்தில் தொற்றிக்கொண்டு மறு கையால் கண் பாராமல் எடுக்கவும் வைக்கவும் தோதானது.

எனவே அடுக்களைக் கத்தி, ஒட்டுக் கத்தி போன்ற நேரான கத்திகளுக்கு இரண்டு மில்லிமீட்டர் கைடெக்ஸ் வாங்கலாம், பணம் வீணாகாது. வெட்டுகத்திக்கு அது வேண்டாம். அச்சுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பழைய எச்டிபிஇ டிரம்மின் பக்கமே போதும். வெட்டி, வளைத்து, ஓரத்தில் மரச்சட்டம் கொடுத்து ரிவிட் அடித்தால் அருவாப்பெட்டி மாதிரியில் ஒரு பெட்டி கிடைக்கும். எந்த உறையானாலும் கத்தியைக் கழுவித் துடைத்த பிறகே உள்ளே போடுங்கள். உறைக்குள் தங்கும் மணலே கத்தியின் வாயைத் தின்றுவிடும்.