பார்டிசனை அழிக்க முன்னர்: வின்டோஸ் திரும்பப் போடும்போது வரும் டிஸ்க் பிழைகள்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. பழைய லப்டொப்பை இன்னும் சில வருடங்களாவது ஓட்டியாக வேண்டிய எங்கள் வீடுகளில், “திரும்ப வின்டோஸ் போடவேணும்” என்ற பேச்சு அதன் பிறகு அடிக்கடி கேட்கிறது. போடத் தொடங்கியதும் பலர் தடைப்படுவது ஒரே இடத்தில்தான்: டிஸ்க்கின் பார்டிசன்களைக் காட்டும் திரை. “இந்த டிஸ்க்கில் வின்டோஸை நிறுவ முடியாது” என்று அது சொல்லும். எல்லோரும் சொல்லும் வழியும் ஒன்றுதான்: எல்லாப் பார்டிசன்களையும் அழித்துவிடு.

அந்த வழி வேலை செய்யும். சில நிமிடங்களில் பிழை போய்விடும். டிஸ்க்கில் இருந்தவையும் அதோடு போய்விடும்.

கட்டுகஸ்தோட்டையில் எனது அயலில், வன்னியிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருக்கும் அம்மா ஒருவரின் லப்டொப்பைத் திருத்தக் கடைக்குக் கூடப் போயிருந்தேன். கடைத் தம்பி சிங்களத்தில் “டேட்டா ஓனத?” என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். டேட்டா என்றால் அவருக்குத் தொலைபேசிக்குப் போடும் டேட்டா. கடைத் தம்பிக்கோ அது டிஸ்க்கில் உள்ள அனைத்தும். 2009இல் காணாமற்போன மகனின் படங்களும், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும், செஞ்சிலுவைச் சங்கக் கடிதமும் ஸ்கேன் செய்யப்பட்டு அதில்தான் இருந்தன. “முகுத் மகன்ன எப்பா”, அதாவது ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்று நான் இடையில் சொன்னேன். சிங்களப் பகுதிகளில் கணினி திருத்தக் கொடுப்பவர்கள் இந்த மூன்று சொற்களையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிழை ஏன் வருகிறது?

டிஸ்க்கை ஒரு காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படித் துண்டு பிரித்திருக்கிறது என்று காட்டும் நில அளவைப் படம்தான் பார்டிசன் அட்டவணை. அதில் இரண்டு வகை உண்டு. எம்.பி.ஆர். என்பது 1983இல் வந்த பழைய முறை. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கும் இந்த அட்டவணையில் நான்கு பிரதான துண்டுகளுக்கே இடம். 2 டெராபைட்டுக்கு மேல் அது கணக்கெடுக்காது. ஜி.பி.ரி. என்பது புதிய முறை. வின்டோஸில் 128 துண்டுகள் வரை பிரிக்கலாம். அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும்.

கணினி விழித்தெழும் முறையும் இரண்டு: பழைய பயோஸ் (லெகசி), புதிய யு.இ.எஃப்.ஐ. பயோஸ் முறையில் எழும்பினால் வின்டோஸ் எம்.பி.ஆர். டிஸ்க்கைக் கேட்கும், யு.இ.எஃப்.ஐ. முறையில் எழும்பினால் ஜி.பி.ரி. டிஸ்க்கைக் கேட்கும். இரண்டும் பொருந்தாதபோதுதான் இந்தப் பிழை வருகிறது. டிஸ்க் பழுதாகிவிட்டது என்பது இதன் அர்த்தமல்ல.

முதல் வேலை பிரதி எடுப்பது

வின்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுங்கள். டி டிரைவை மட்டும் எடுத்தால் போதாது. டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், டொக்கியூமன்ட்ஸ் எல்லாம் சி டிரைவில், யூசர்ஸ் என்ற கோப்புறைக்குள் இருக்கின்றன.

வின்டோஸ் திறக்கவில்லை என்றால் லினக்ஸ் மின்ட் உள்ள பென் டிரைவால் கணினியை எழுப்புங்கள். நிறுவாமலேயே அதைப் பயன்படுத்தி வெளி டிஸ்க்கிற்குப் பிரதி எடுக்கலாம். டிஸ்க் பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவைப்படும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் கணினியை நிறுத்திவிடுங்கள். அது தரவு மீட்பவரிடம் போகவேண்டிய டிஸ்க்.

அழிக்காமல் தீர்க்க இரண்டு வழிகள்

முதலாவது, கணினியை எழுப்பும் முறையை மாற்றுவது. எம்.பி.ஆர். டிஸ்க் உள்ள பழைய கணினிகள் பலவற்றின் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவின் பெயர் இரண்டு தடவை வரும். ஒன்றின் முன்னால் யு.இ.எஃப்.ஐ. என்று இருக்கும். அது இல்லாத பெயரைத் தெரிவு செய்தால் வின்டோஸ் 10 அதே டிஸ்க்கில் ஏறும். ஆனால் வின்டோஸ் 11 முறைப்படி யு.இ.எஃப்.ஐ.யைத்தான் கேட்கும். புதிய கணினிகள் பலவற்றில் லெகசி முறையே கிடையாது.

இரண்டாவது, அட்டவணையை மட்டும் மாற்றுவது. எம்.பி.ஆர்.2ஜி.பி.ரி. என்ற கருவி 2017இலிருந்து வின்டோஸ் 10உடன் வருகிறது. ஏற்கனவே வின்டோஸ் 10 அல்லது 11 உள்ள டிஸ்க்கை, கோப்புகளை அழிக்காமல் ஜி.பி.ரி.க்கு மாற்ற அது உதவும். நிறுவும் திரையில் ஷிப்ட், எஃப்10 விசைகளை ஒன்றாக அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை வரும்; அங்கிருந்து அதை இயக்கலாம். முதலில் ‘வலிடேட்’ கட்டளையைக் கொடுங்கள். அது சரிபார்க்க மட்டுமே செய்யும். டிஸ்க்கில் மூன்றுக்கு மேற்பட்ட பிரதான துண்டுகளோ, எக்ஸ்டென்டட் பார்டிசனோ இருந்தால் கருவி மறுத்துவிடும். நான்கைந்து டிரைவாகப் பிரித்த டிஸ்க்குகள் இங்கேதான் மாட்டும். மாற்றிய பிறகு பயோஸில் யு.இ.எஃப்.ஐ. முறையைத் தெரிவு செய்ய மறக்காதீர்கள். பிரதி எடுக்காமல் இதையும் செய்ய வேண்டாம். இடையில் மின்சாரம் போனால் என்ன மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டும் சரிவராவிட்டால்தான் ‘டிஸ்க்பார்ட்’, ‘கிளீன்’. அதற்கு முன் மற்ற எல்லா வெளி டிஸ்க்குகளையும் கழற்றிவிடுங்கள். திரையில் டிரைவ் 0, டிரைவ் 1 என்று இலக்கம் மட்டுமே தெரிவதால், பிரதி எடுத்து வைத்த டிஸ்க்கையே அழித்துவிட இடமுண்டு. அளவைப் பாருங்கள்: 500 ஜிகாபைட் டிஸ்க் அங்கே ஏறத்தாழ 465 என்று காட்டும்.

“புதிய பார்டிசனை உருவாக்க முடியவில்லை” என்று வந்தாலும் மேலதிக டிஸ்க்குகளைக் கழற்றிப் பார்ப்பதே முதல் வேலை. புதிய லப்டொப்பில் டிஸ்க்கே தெரியாவிட்டால் பயப்படாதீர்கள். இன்டெலின் சேமிப்பக டிரைவரை ஏற்றினால் பெரும்பாலும் தெரியும்.

ஏற்கனவே அழித்துவிட்டால்

உடனே நிறுத்துங்கள். வின்டோஸைத் தொடர்ந்து போடாதீர்கள். பார்டிசனை அழிப்பது நில அளவைப் படத்தைக் கிழிப்பது போன்றது. வீடுகள் இன்னும் காணியில்தான் நிற்கின்றன. புதிதாக எழுதும் ஒவ்வொரு கோப்பும் ஒரு வீட்டை இடித்துக் கட்டும் வேலை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தி, ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருளால் தொலைந்த அட்டவணையைத் தேடலாம். அது முடியாவிட்டால் ‘போட்டோரெக்’ படங்களைத் தனித்தனியே மீட்கும். கோப்புப் பெயர்கள் மட்டும் பெரும்பாலும் திரும்பாது. மீட்பவற்றை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள். எஸ்.எஸ்.டி. என்றால் நம்பிக்கை குறைவு. அழிக்கப்பட்ட இடத்தை அது தானாகவே துப்புரவாக்கிவிடும். ‘கிளீன் ஆல்’ கொடுத்திருந்தால் சாதாரண டிஸ்க்கிலும் எதுவும் மிஞ்சாது.

ஒரே இடத்தில் இருந்த ஒரே பிரதி போனால் என்ன ஆகும் என்பதை 1981 யூன் மாதம் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நாங்கள் பார்த்தோம். 2005இலிருந்து நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து பாதுகாத்து வருகிறது. வீட்டு ஆவணங்களுக்கு நாங்கள்தான் நூலகர்கள். ஒரு பிரதி வெளி டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினரிடம். இவை இரண்டும் இருந்தால் கடையில் யார் எதை அழித்தாலும், இழப்பது ஒரு வின்டோஸை மட்டுமே.